வழிமொழிய ஒருவர்

1

"...அப்போ கதையிலயாவது ஒருத்தர எழுந்திரிக்க வைடீ. உன் கையிலதானே இருக்கு?"

"வெச்சா பொய்யாயிடும்க்கா."

"அங்க நடந்தது மட்டும் நிஜமா? அவைக்குறிப்புப் புத்தகத்துல தேடினியே, இருந்துச்சா?"

இல்லை. அதனால்தான் இந்தக் கதை.

பேசுவது என் அக்கா. பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள், இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். எந்தக் கட்சியிலும் இல்லாத சுயேச்சை. கட்சிகள் எடுத்ததுபோக மிஞ்சிய சின்னங்களில் அவளுக்குக் கிடைத்தது சீப்பு. அன்றிலிருந்து தொகுதிக்கே அவள் சீப்பக்கா. நான் தங்கை. அவளுடைய பேச்சுகளை எழுதித் தருகிறவள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அடுத்த வார்டு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி. மூடக்கூடாது என்று அக்கா போன வியாழக்கிழமை தீர்மானம் கொண்டுவந்தாள். ஒருவர் முன்மொழிந்தால் இன்னொரு உறுப்பினர் எழுந்து வழிமொழிய வேண்டும். அவர் ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும் என்றுகூட இல்லை. எழுந்து நின்று ஒரு சொல் சொன்னால் போதும்.

யாரும் எழவில்லை.

தோற்றிருந்தால் 'தோற்றது' என்று அவைக்குறிப்பில் ஏறியிருக்கும். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் ஏறவே ஏறாது. 212ஆம் பக்கம் கலங்கரை விளக்கங்களுக்கு வண்ணம் பூசுவதோடு முடிகிறது. 213 குதிரை வளர்ப்பில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் என் அக்கா நின்றிருந்தாள்.

2

முதல் தொடக்கம்: 'மன்றத்தின் குவிமாடத்தின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.'

அக்கா எட்டிப் பார்த்தாள். "அன்னிக்கு ஏசி ரிப்பேர். வேர்த்து ஊத்திச்சு. எந்த நாட்டுப் புத்தகத்தப் படிச்சிட்டு எழுதற நீ?"

(ஒப்புக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே வளர்ந்தவள் நான். எனக்கு எந்த அநியாயமும் பனியில்தான் நடக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: 'ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிக்குள் பிரசவ வலியோடு படுத்திருந்தவள் இரண்டு முறை அக்காவைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை

[இந்த வாக்கியத்தை முடிக்க அக்கா விடவில்லை. "அவ உன் கதைக்காகப் பொறந்தவ இல்ல. எடு அத." நான் எடுக்கவில்லை, பாதியில் விட்டிருக்கிறேன். அன்று எங்கள் வார்டில் டாக்டர் இல்லை. வண்டி அந்த கேட்டில் பதினான்கு நிமிடம் நின்றது. அதற்குப் பிறகுதான் அக்கா தேர்தலில் நின்றாள். இவ்வளவு உங்களுக்குத் தெரிந்தால் போதும்.]

3

எனவே நேராகவே சொல்கிறேன்.

அக்காவின் இருக்கை கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். கட்சிகளுக்குத் தலைக்கணக்குப்படி நேரம். ஆளுங்கட்சி தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள ஒரு மணி நேரம், சுயேச்சைக்கு இரண்டு நிமிடம். நான் எழுதிய பேச்சைக் கைபேசியில் நேரம் வைத்துப் பத்தொன்பது முறை சொல்லிப் பார்த்தோம்.

"'விடியல்'னு ஒண்ணு வருதே, அதத் தூக்கு. மூணு செகண்ட் மிச்சம்."

"அதுதான்க்கா உயிர்."

"உயிர் ஆஸ்பத்திரில இருக்கு. தூக்கு."

தூக்கினேன். அந்தப் பேச்சு பேசப்படவே போவதில்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா எழுந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சிக்கெடுக்க வந்துட்டாங்கப்பா!" சிரிப்பு. தாழ்வாரத்தில் அன்று காலை மூன்று பேர் அவள் கையைப் பிடித்து, "மனசால உங்க பக்கம்தான்க்கா" என்றிருந்தார்கள். அந்த மூவரும் சிரித்தார்கள். மனசுக்கு முழங்கால் கிடையாது போலிருக்கிறது, எழுந்து நிற்கத் தெரியவில்லை.

"வழிமொழிபவர்?" என்றார் அவைத்தலைவர். நான்கு விநாடி காத்திருந்தார். நான் எண்ணினேன்.

நான்காவது விநாடியில், மேலே பார்வையாளர் மாடத்தில், நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரும்மா," என்றார் காவலர், கோபமில்லாமல். "நீ எழுந்திரிச்சா அது செல்லாது."

4

இனி எனக்குச் சந்தேகமான கதாபாத்திரம்: மாட்டு டாக்டர். அவையில் அக்காவைத் தவிர இருக்கும் ஒரே சுயேச்சை. வழிமொழிவதாக வாக்குக் கொடுத்தவர். அன்று அவர் இருக்கை காலி.

முதல் வரைவில் அவருக்கு நான்கு மோதிரமும் வழவழப்பான சிரிப்பும் கொடுத்திருந்தேன்.

"அந்தாளு மோதிரமே போடமாட்டாருடீ," என்றாள் அக்கா. "மாட்டுக்குள்ள கைய விடறவரு."

அழித்தேன். நடந்தது இதுதான். காலையில் ஆளுங்கட்சிக் கொறடா அவரைக் கூப்பிட்டு, "பாலம் வேணுமா, சீப்பு வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் தொகுதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைக் கயிறு பிடித்துக் கடக்கிறார்கள். அந்த நான்கு விநாடியும் அவர் தாழ்வாரத்துத் தண்ணீர்க் குழாயடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மறுநாள் போன் செய்தார்.

"மன்னிச்சுக்கம்மா. எனக்குப் பாலம் வேணும்."

"தெரியும்ண்ணே," என்றாள் அக்கா. அப்புறம், "கயித்த நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. பாலம் வர்றவரைக்கும்."

அவரைத் திட்ட எனக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கட்சிக்காரரை அடக்கக் கொறடா போதும். கட்சி இல்லாதவரை அடக்க அவருடைய ஊரின் தேவையையே எடுத்து அவர் வாயில் அடைக்கிறார்கள். பாலத்தையும் பிரசவ வார்டையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க இவர்களுக்கு யார் ஓட்டுப் போட்டது? இரண்டும் பிச்சையா? இரண்டுமே எங்களுக்குச் சேரவேண்டியவை இல்லையா?

5

முடிவுகள்:

(அ) மாட்டு டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறார். அவை கைதட்டுகிறது. [எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனால் நம்பவில்லை.]

(ஆ) அக்கா ஆளுங்கட்சியில் சேர்கிறாள். வார்டு தப்பிக்கிறது. போட்டோ. [இது கற்பனையல்ல. வெள்ளிக்கிழமை கொறடாவே வீடு தேடி வந்து கேட்டார். "வார்டு எங்க ஊரோட உரிமை சார். அதுக்கு நான் எதுக்கு உங்க துண்டப் போட்டுக்கணும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.]

(இ) செவ்வாய்க்கிழமை. கூட்டத்தொடரின் கடைசி நாள். அதே தீர்மானத்தை இன்னும் ஒருமுறை கொண்டுவர விதி இடம் தருகிறது. வார்டு மூட அதற்குப் பிறகு மூன்று நாள்தான்.

நான் இதை எழுதுவது திங்கட்கிழமை மத்தியானம். புதுப் பேச்சு எழுதட்டுமா என்று கேட்டேன். "பேச்சு வேணாம்டீ. ஆள் வேணும்," என்றாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.

எழுந்து நிற்பவரை நான் உருவாக்க மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தில் காவலர் இல்லை. மாட்டு டாக்டரின் இருக்கைக்கு அடுத்த இருக்கையை உங்களுக்குப் போட்டிருக்கிறேன். இந்தக் கதைக்குள் நீங்கள் உறுப்பினர், என் ஒரே ஓட்டில் ஜெயித்தவர். நீங்கள் எழுந்தால் செல்லும்.

தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா எழுகிறாள். ஒரே வரியில் முன்மொழிந்துவிட்டு நிற்கிறாள். முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்குகிறார்கள். அவைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி, கடைசி வரிசைவரை பார்க்கிறார்.

"இதை வழிமொழிபவர் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுந்து நிற்கவும்."