கோள் சொல்லாத அலாரம்

எங்கள் வீட்டுப் பழைய திருட்டு அலாரம் செத்துப்போனதில் தெருவில் யாருக்கும் வருத்தமில்லை. பல்லி ஓடினால் கத்தும். என் கணவர் தும்மினால் கத்தும். உண்மையிலேயே யாரோ வாசலில் கிடந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் காலையில் தானாகக் கத்த ஆரம்பித்தது. எந்தப் பொத்தானை அமுக்கியும் நிற்கவில்லை. என் கணவர் அதைச் சுவரிலிருந்து பிடுங்கி, தலையணைக்கு அடியில் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் உயிரை விட்டது.

ஆனாலும் அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எப்போது வீட்டுக்கு வந்தார்கள் என்று யாரிடமும் போய்ச் சொல்லாது. அதன் அருமை எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலையில் இருக்கிறேன். “மேடம், மெஷின் ஆடுது மேடம்.” “மேடம், மெஷின் நடந்து சமையலறைக்கே வந்துடுச்சு மேடம்.” நாள் முழுக்க இதே பாட்டு. வீட்டுக்கு வந்தால் இன்னும் மூன்று பேர். கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பகலெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கதையை ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பிப்பார். மாமனார் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். யார் எங்கே போய்வந்தாலும் விசாரிக்காமல் விடமாட்டார். கல்லூரியில் படிக்கிற மகளுக்கோ, சார்ஜர் எங்கே என்பதைத் தவிர என்னிடம் கேட்க வேறு கேள்வியே கிடையாது. மூவரும் தங்கமானவர்கள். தங்கமே ஆனாலும் இருபத்துநாலு மணி நேரமும் கழுத்தில் கிடந்தால் அரிக்கத்தானே செய்யும்?

சில மாதங்களுக்கு முன்பு ஆபீசில் என் ஷிப்டை மாற்றி, ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மாமனார் கேரம் கிளப்பில் இருப்பார். மற்ற இருவரும் வருவதற்கு நேரமிருக்கும். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிவி கிடையாது, போன் கிடையாது. சுவர் என்னிடம் எதுவும் கேட்காது. அவர்கள் வருகிற நேரத்துக்கு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, “அப்பப்பா, பஸ்ல என்ன கூட்டம்!” என்று அப்போதுதான் நுழைந்தவள் மாதிரி நிற்பேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் என்றைக்கோ எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

இப்போது புது அலாரம் வாங்கவேண்டும். சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூடியது.

“ஆளுக்கொரு ரகசிய கோட் நம்பர் குடுக்கறாங்களாம்” என்றார் மாமனார். அவர் கண்களில் பழைய உத்தியோகத்தின் வெளிச்சம். “யாரு, எப்ப, எந்தக் கதவு வழியா வந்தாங்கன்னு எல்லார் போனுக்கும் தகவல் வந்துடுமாம்.”

நான் வாயிலிருந்த சோற்றைச் சட்டென்று விழுங்கினேன். “எதுக்கு மாமா அதெல்லாம்? கதவைத் திறந்தா கத்தணும். அது போதாதா? சும்மா சைரன் மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணு பார்த்தேன். சின்னதா, அழகா.”

“அம்மா, அது பொம்மைக் கடையில விக்கறது” என்றாள் மகள்.

“போன்ல தகவல் வர்றது ஆபத்து” என்று அடுத்த அஸ்திரத்தை விட்டேன். “போன் தொலைஞ்சா? எடுத்தவன் கையில நம்ம வீட்டையே குடுத்த மாதிரி ஆயிடாதா?”

“நீ ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகறே?” என்றார் கணவர். அவர் கால் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்தது. பேச்சு வேகமெடுத்தால் அவருக்கு அப்படித்தான்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றுப்போனேன். அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ‘நீங்களே பொருத்திக்கொள்ளலாம்’ என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் இருந்தது. கணவர் ஆணியைத் தொட்டால் சுவர் மிஞ்சாது. எனவே நானே மாட்டுகிறேன் என்றேன். கோள் சொல்கிறவனை என் கைக்குள் போட்டுக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெட்டிக்குள் ஒரு தலைமைக் கருவி, கதவு ஜன்னல்களில் ஒட்டினால் அவை திறப்பதைக் காட்டிக்கொடுக்கிற காந்தங்கள், எண்களை அமுக்கும் பலகை, ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற வெள்ளை முட்டை போன்ற ஒன்று, ஒரு சைரன். துணி துவைக்கிற இடத்து ஜன்னலுக்கு மட்டும் காந்தம் ஒட்டாமல் விட்டேன். “இவ்வளவு சின்ன ஜன்னல்ல எவன் நுழைவான்?” என்று மாமனாரைச் சமாளித்தேன். பிறகு மொட்டைமாடிக்குப் போய், அலாரம் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் செய்தேன்.

“பொறுமையா சொல்லுங்க மேடம், உங்க பிரச்சினை எங்களுக்கு முக்கியம்” என்றது ஒரு பெண்குரல். நான் தினமும் ஊருக்குச் சொல்கிற அதே வசனம். அடடா, கேட்கிறவர்களுக்கு இவ்வளவு எரிச்சலாகவா இருக்கும்?

“ஹால்ல இருக்கற முட்டை என்னைக் கண்டுபிடிக்காம இருக்க என்ன பண்ணணும்?”

“மேடம், நீங்க அந்த வீட்டுக்காரங்கதானே?”

“வீடு என்னுதுதான்மா. வர்றது யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.”

“யாருக்குத் தெரியக்கூடாது மேடம்?”

“என் வீட்டு ஆளுங்களுக்கு.”

குரல் சட்டென்று இறங்கி, ரகசியமாகிவிட்டது. “நாய் பூனை வளர்க்கறவங்களுக்குன்னு அதுல ஒரு செட்டிங் இருக்கு மேடம். அதைப் போட்டுட்டா, தரையோட தரையா ஊர்ந்து போறதை அது கண்டுக்காது. எழுந்து நின்னா மட்டும் கத்திடும். இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

மறுநாளிலிருந்து நான் என் வீட்டுக்கு ஜன்னல் வழியாக வர ஆரம்பித்தேன். முதலில் கைப்பை உள்ளே போகும், பிறகு தலை, பிறகு கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம். வாஷிங் மெஷின் மேல் கையை ஊன்றி இறங்கி, நாலு காலில் ஹாலுக்குப் போவேன். சோபாவில் ஏறினால் முட்டைக்குத் தெரிந்துவிடும். அதனால் அதன் அடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்பேன். டீயைத் துறந்துவிட்டேன், அடுப்பு எட்டாது. யாராவது வருகிற நேரத்துக்கு ஊர்ந்துபோய் அதே ஜன்னல் வழியாக வெளியேறி, அவர்களுக்குப் பின்னால் வாசல் வழியாக நுழைவேன். சுவருக்குப் பதிலாக இப்போது சோபாவின் அடிப்பக்கம். அங்கே மகள் தேடிக்கொண்டிருந்த சார்ஜர்கள் மூன்று கிடந்தன. எடுத்துக் கொடுக்கவில்லை. எப்படிக் கிடைத்தது என்று மாமனார் கேட்பாரே!

இப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? முதுகு வலித்தது, ஆனால் யாரும் “அம்மா” என்று கூப்பிடவில்லை.

ஒருநாள் கால் மரத்துப்போய், சோபா அடியிலிருந்து உருண்டு வந்து, என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். காது கிழிய சைரன் அலறியது. ‘ஹாலில் யாரோ இருக்கிறார்கள்’ என்று மூன்று போன்களுக்கும் தகவல் பறந்திருக்கும். என் போனுக்குக்கூட வந்தது. பதறியடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். தலையும் கைகளும் வெளியே வந்தன. இடுப்பு வரவில்லை. பிஸ்கட்டைக் குறைத்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

சிறிது நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. அதை ஓட்டிவந்த மாணவர் வெலவெலத்துப்போய் ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அவர் தோளைத் தட்டிவிட்டுக் கணவர் ஓடிவந்தார். பின்னாலேயே ஆட்டோவில் மாமனாரும் மகளும்.

“யார்றா அது ஜன்னல்ல?” என்று அதட்டிய மாமனார், கிட்டே வந்து, “அம்மாடி! நீயா?” என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். பாதி ஆள் வெளியே தொங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது? “ஆபீஸ்ல கொஞ்ச நாளா சீக்கிரம் விட்டுடறாங்க மாமா. கதவோட கோட் மறந்துபோச்சு. கேக்க வெக்கமா இருந்தது” என்று உளறிவிட்டேன்.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். மகள் கண்கலங்கிவிட்டாள். “அச்சச்சோ, இத்தனை நாளா தனியாவா இருந்தேம்மா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றார் கணவர். இருவருமாக என்னைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். “இனிமே நீ தனியா இருக்கவேண்டாம். நாங்க இருக்கோம்ல!”

இருந்தார்கள். ஐயோ, எப்படி இருந்தார்கள்! எனக்குக் கதவைத் திறந்துவிடவேண்டுமென்று கணவர் வகுப்பை மாற்றிக்கொண்டார். மாமனார் கேரம் போர்டைக் கிளப்பிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மகள் தோழிகளை விட்டுவிட்டு ஓடிவந்து, “அம்மா, இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள்! சார்ஜர் எங்கே என்று கேட்கமாட்டாளா என்று நான் ஏங்கினேன். நான் சுவரைப் பார்த்தால், “என்ன யோசனை?” என்றார்கள். பார்க்காவிட்டால், “ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்றார்கள். அவர்கள் பாசத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

ஒருநாள் ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டு, இன்னும் முன்னதாகவே கிளம்பி, எல்லாருக்கும் முந்தி வீடு சேர்ந்தேன். முன்வாசல் வழியாக, மகாராணி மாதிரி. பொருத்தியவள் நான் என்பதால் அலாரத்தின் அதிகாரமெல்லாம் என் போனில்தான் இருந்தது. மூவருடைய கோட் நம்பரையும் அழித்தேன். ‘வீட்டில் ஆள் உண்டு’ என்ற பொத்தானை அமுக்கினேன். உள்ளே நான் இஷ்டம்போல நடமாடலாம். வெளியிலிருந்து யார் கதவைத் திறந்தாலும் அலறும். டீ போட்டேன். சோபாவில் காலை நீட்டினேன்.

கதவில் சாவி திரும்பிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி தெருவே அதிர்ந்தது. மூவரும் வாசலுக்குப் பின்வாங்கி ஓடினார்கள். என் போன் அடித்தது.

“உள்ள யாரோ இருக்காங்க!” என்று கத்தினார் கணவர்.

“நான்தான் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் கத்துது?”

“நீங்க வந்தீங்கல்ல, அதான்.”

சைரனை நிறுத்திவிட்டுக் கதவைப் பாதி திறந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று தோன்றியது.

“எனக்குக் கோட் ஒண்ணும் மறக்கல” என்றேன். “தனியா இருக்கணும்னுதான் ஜன்னல் ஏறிக் குதிச்சேன். உங்க மேல எனக்கு எவ்வளவு ஆசை இருக்குன்னு நானே சொல்லணுமா? ஆனா தினம் ஒரு மணி நேரம் எனக்கு யாருமே வேண்டாம். யாரும் என்னை எதுவும் கேக்கக்கூடாது. அது இல்லைன்னா நான் செத்தே போயிடுவேன்.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவரின் வலதுகால் தரையை ஒருமுறை மிதித்தது.

மாமனார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இது அவ வண்டி. டிக்கெட் இல்லாம ஏறினா இறங்கித்தானே ஆகணும்? நடங்க ரெண்டு பேரும்.” இருவரையும் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “அம்மாடி, கேரம் போர்டை மட்டும் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார். போர்டைத் தூக்கிக் கொடுத்தேன்.

கதவைச் சாத்தி, மறுபடி அந்தப் பொத்தானை அமுக்கினேன். டீ ஆறியிருந்தது, குடித்தேன். சுவரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் போனில் கணவரின் தகவல் வந்தது. ‘மூணு பேரும் வாசல்ல நிக்கறோம். வரலாமா?’

எனக்கு வெட்கமே இல்லை. ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று பதில் போட்டேன்.