தையற்காரி வீட்டுச் சுவர்கள்

பஸ் டிரைவருக்கு வலது கையும் காலும் விழுந்து, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் அவர் வீட்டுச் சுவர்கள் உள்ளே நகர ஆரம்பித்தன. விரிசல் விழவில்லை, காரை உதிரவில்லை, சத்தமும் கிடையாது. வெயில் காலத்தில் மெதுவாகவும் மழைக்காலத்தில் சற்று வேகமாகவும் நகர்ந்தன. முதலில் தெரிந்துகொண்டது அவர் மனைவி. அவள் தையற்காரி. துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே வழக்கம்போல் நுழையப் போனவள் இடுப்பில் இடித்துக்கொண்டாள். தான்தான் பெருத்துவிட்டோம் என்று எண்ணி அந்த வாரம் முழுக்க அரை வயிறு சாப்பிட்டாள். சுவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தட்டிப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது, கட்டினவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்றார். நகர்வதைப் பற்றிக் கேட்டபோது, நிற்கிற சுவர்தான் தன் தொழில், நடக்கிற சுவர் அல்ல என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். அக்கம்பக்கத்தவர்களுக்கு மட்டும் இதில் ஆதாயம். வீட்டுக்கு இரண்டு பக்கமும் புதிதாகச் சந்து கிடைத்ததில் ஒருவர் சைக்கிள் நிறுத்தினார், மற்றவர் துணி காயப் போட்டார்.

டிரைவரின் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே போன சில நாட்களிலேயே அவள் வீட்டுச் சுவரும் பீரோவை நெட்ட ஆரம்பித்தது. "சுவரு உங்க பின்னாடியே வருதே, அப்படி என்னம்மா பாவம் பண்ணுனீங்க?" என்று கேட்டவள், கேட்ட வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்தவர் வீட்டைக் கெடுக்க வேண்டாம் என்று தையற்காரி புருஷனை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. மேசை போனது, அலமாரி போனது, நாற்காலிகள் போயின. கட்டிலும் தையல் மிஷினும் மட்டும் மிஞ்சின. கட்டிலில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கக்கூட இடமில்லாமல் போய்விடும், அப்புறம் இவரை எங்கே கொண்டு போவேன் என்பதுதான் அவள் கவலை. மிஷினை மிதிக்கும்போதும் அதே கவலைதான்.

இரும்புக்கடை மாடியில் கூடும் சபைக்கு அவள் ஞாயிறு தவறியதில்லை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபித்துவிட்டால் கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டும். நம்பியதற்கு அடையாளமாக, கிடைக்காததைக் கிடைத்ததாகவே எழுந்து நின்று அறிக்கை செய்ய வேண்டும். தலைவலிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டே வலி போய்விட்டது என்பார். வேலை இல்லாதவர் வேலை கொடுத்ததற்காக ஸ்தோத்திரம் சொல்வார். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே நடந்தும் விட்டதால் வழக்கம் நிலைத்துப் போயிற்று. தையற்காரி மட்டும் எழுந்ததில்லை. துணி பற்றாது என்றால் பற்றாது என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள் அவள்.

ஒரு ஞாயிறு போதகர் ஜெயமுள்ள ஜீவியத்தைப் பற்றிப் பேசினார். விசுவாசிக்குத் தோல்வியே இல்லை என்றார்; இன்னும் தோற்றுக்கொண்டிருப்பவர் தம்மை ஆராய்ந்து பார்க்கட்டும் என்றார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் தையற்காரியைப் பார்த்தார்கள். அவள் எழுந்துவிட்டாள். "சுவரு பழைய இடத்துக்கே போயிடுச்சு. அவரு எழுந்து நடக்கிறாரு" என்றாள். அவள் சொன்னது அறிக்கை. சபை அதை நடந்ததற்கான சாட்சியாகவே எடுத்துக்கொண்டது. அத்தனை நாள் வாய் திறக்காதவள் சொன்னால் பின்னே எப்படி எடுத்துக்கொள்வார்கள்? கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிற சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டிலேயே நன்றி ஜெபம் என்று அறிவித்தார். அவள் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் சுவர்கள் அவசரமாக நகர்ந்தன. சனிக்கிழமை காலையில் கட்டிலை ஒட்டி ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடமிருந்தது. அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்களை நடக்க வெச்சுட்டேன்."

டிரைவர், சிரிக்க முடிந்த பாதி வாயால் சிரித்தார். "எதுவரைக்கும் போனேன்?" என்று குழறலாகக் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்து ஜெபித்தாள். சுவரைத் தள்ளச் சொல்லி இத்தனை காலம் கேட்டவள் அன்று அதைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, இருக்கிற இடம் இவ்வளவுதான். இதுக்குள்ள எங்க கூட இருங்க. எனக்கு அது போதும்" என்றாள். போதும் என்று சொன்ன பிறகுதான் உண்மையிலேயே போதும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பயம் விட்டுப்போயிருந்தது. எழுந்து புருஷனுக்கு முகம் துடைத்துச் சட்டை மாற்றினாள்.

சாயங்காலம் சபை முழுவதும் தெருவில் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். "நான் சொன்னது பொய்ங்க. சுவரு நகர்றது நிக்கல. அவரு படுத்துத்தான் இருக்காரு. ஆனா நாங்க தோத்துப் போகல. ஆண்டவர் உள்ளே இருக்காரு. இடிச்சுக்கிட்டாலும் பரவாயில்லன்னா வாங்க" என்றாள். போதகர் நிலைப்படியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பைத் திருப்பி, ஒருக்களித்து நுழைந்தார். பின்னால் அவர் மனைவி நுழைந்தாள், பிறகு டிரைவரின் அக்கா, பிறகு ஆள் பாதி தொப்பை பாதியான இரும்புக்கடைக்காரர். அவர்களுக்கு இடம் கொடுக்க யாரும் வெளியே வர வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களும் நுழைந்தார்கள். எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். அக்கா முட்டிவலிக்குக் காலையும் நீட்டிக்கொண்டாள். இரும்புக்கடைக்காரர் சந்தேகம் தாளாமல் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். முழங்கை மடங்கியிருக்கும்போதே இரண்டு பக்கமும் சுவர் தட்டியது. அவருக்கும் சுவருக்கும் நடுவில் பாடகர் குழு உட்கார்ந்திருந்தது.

டிரைவர் எழுந்து நடக்கவில்லை. படுத்தபடியே பாதி வாயால் பாடினார். போதகர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. முழங்காலில் நின்று, "என் பையன் மனசு மாறி வீட்டுக்கு வந்துட்டான்னு வருஷக்கணக்கா சபையில அறிக்கை செஞ்சுக்கிட்டிருக்கேன். அவன் வரல. எங்க இருக்கான்னே எங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தையற்காரி நகர்ந்து போய் அவளருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, நடக்காததை நடக்கவில்லை என்றே சொல்லி ஜெபித்தார்கள்.

டிரைவர் அந்தக் கட்டிலில் இன்னும் பல வருஷம் இருந்து, ஒரு காலைப்பொழுதில் மனைவி தலை வாரிவிடும்போது அமைதியாகக் கண்ணை மூடினார். அவர் பெட்டியை அறுவர் தோளில் சுமந்து, சாய்க்காமல் வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைக்குத் தெருவிலிருந்து பார்த்தால் வீடு கதவகலம்தான். தையற்காரி குலுங்கி அழுதாள், கல்லறைவரை நடந்தாள், திரும்பி வந்து அந்த வீட்டுக்குள்ளேயே போனாள். இப்போது கதவகலமும் இல்லை. வரி போட வந்த அதிகாரி அதை வீடு என்று எழுதாமல் மதில் என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்கள், பிள்ளையைத் தொலைத்தவர்கள், போக்கிடமில்லாதவர்கள் என்று அந்த மதிலுக்குள் தினமும் ஆட்கள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சுவர் இன்னும் வருகிறதா என்று தையற்காரியிடம் கேட்பார்கள்.

"வருது, வருது" என்பாள் அவள். "நீங்க கொஞ்சம் உள்ளே தள்ளி உக்காருங்க. வெளியே ஆள் நிக்குது."