கேபிளில் பழுதில்லை

அத்தான் ஏணியிலிருந்து விழுந்தது புதன்கிழமை மதியம். மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடி வார்டுக்கு வெளியே, கூரைப் பலகையை விலக்கி நெட்வொர்க் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

அங்கே கேபிள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சர்வர்களில் ஓடும் மென்பொருள் அவர் மனைவியின் தங்கையுடைய பொறுப்பு. அவள் அலுவலகத்திலும் அவரை அத்தான் என்றே கூப்பிடுவாள். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அவர் அத்தானாகிவிட்டார். தலைமை அதிகாரியே, "அந்த அத்தானை வரச்சொல்லுங்க" என்றுதான் சொல்வார்.

பத்து நாட்களாகப் பழைய கட்டடத்தில் மட்டும் ஒரு கோளாறு. வார்டில் நர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்தால், 'இணைப்பு இல்லை' என்று வரும். சில நொடிகளில் தானாகவே சரியாகும். பிறகு மறுபடியும் போகும். ஒரு நோயாளிக்கு மருந்தளவு மாற்றுவது இதனால் அரைமணி நேரம் தாமதமானது. அன்றைக்கு அதிகாரி எல்லார் முன்னாலும் அத்தானைப் பிடிபிடியென்று பிடித்தார்.

தலையைக் குனிந்தபடி வெளியே வந்தவர் அவளிடம்தான் கேட்டார்.

"உன் பக்கம் ஒண்ணும் இல்லையே?"

"சர்வர் நல்லாத்தான் ஓடுது அத்தான். லைனைப் பாருங்க."

லைனைப் பார்க்கத்தான் அவர் ஏணியில் ஏறினார்.

வியாழன் காலை, வேறொருவர் வந்து அந்த வார்டின் கேபிளைப் புதிதாக இழுத்து முடித்தார். பத்து மணிக்கு இணைப்பு மறுபடியும் போனது. இத்தனை நாளும் அவள் தன் மென்பொருளின் பதிவுகளைத்தான் பார்த்திருந்தாள். அதில் குறை எதுவும் இல்லை. இப்போது பழைய கட்டடத்துச் சர்வரின் அடிப்படைப் பதிவைத் திறந்தாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை, புரோகிராம் நிறுத்தப்பட்டது. எண்ணினால் இருநூற்றுப் பதினான்கு தடவை. செத்தால் தானாகவே மறுபடி ஓடும்படி அவளே செய்துவைத்திருந்தாள். அதனால் அது செத்துச் செத்துப் பிழைத்தது யார் கண்ணிலும் படவில்லை.

கணினிகளின் பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் புரோகிராம் அது. அது விழுந்திருக்கும் நொடிகளில் வார்டுக் கணினிக்கு எங்கே போய்க் கேட்பது என்று தெரியாது, 'இணைப்பு இல்லை' என்று காட்டும். பதினோரு நாளுக்கு முன்னால் அவள் அதைப் புதிய கணினி ஒன்றில் கம்பைல் செய்தாள், அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றினாள். அப்போது வேகத்துக்காக ஒரு அமைப்பைச் சேர்த்தாள்: இந்தக் கணினியின் ப்ராசஸருக்கு எதெல்லாம் தெரியுமோ அத்தனையையும் பயன்படுத்திக்கொள். வேகம் கூடியது. அதிகாரி பாராட்டினார். மற்ற சர்வர்கள் புதியவை, அவற்றுக்கு அந்தக் கட்டளைகள் தெரியும். பழைய கட்டடத்தில் இருந்தது ஒன்பது வயதுச் சர்வர், அதற்குத் தெரியாது. சில வகைப் பதில்களைச் சரிபார்க்கும்போது மட்டுமே அந்தக் கட்டளைகள் தேவைப்பட்டன. அதனால்தான் எப்போதாவது மட்டும் விழுந்தது.

தான் சேர்த்த அந்த அமைப்பை நீக்கினாள். எல்லா ப்ராசஸருக்கும் பொதுவான முறையில் மறுபடி கம்பைல் செய்து போட்டாள். பத்து நிமிடம் ஆயிற்று. மாலை வரை ஒரு தடவைகூட இணைப்பு போகவில்லை.

அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சரியாயிடுச்சில்ல? 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு எழுதி முடிச்சிடுங்க. எதுக்கு வீண் வம்பு?"

அப்படித்தான் எழுதினாள். படித்துப் பார்த்துவிட்டு அழித்தாள். கேபிளில் பழுதில்லை, பிழை நான் சேர்த்த ஒரு அமைப்பில் இருந்தது என்று எழுதி, வார்டு நர்ஸ்கள் உட்பட அத்தனை பேருக்கும் அனுப்பினாள். பிறகு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அத்தான் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி மடியில் சிந்தியிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்டாள். தங்கை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப என் லைன்ல தப்பே இல்லையா?"

"இல்ல அத்தான்."

"நான் அப்பவே சொன்னேன். நல்ல கேபிள் அது. அநியாயமாப் பிடுங்கிப் போட்டாங்க." அவர் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்தது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அக்கா கேட்டாள். "சரிபண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம்."

"அவர் கேட்டப்பவே பாத்திருந்தா?"

"அப்பவும் பத்து நிமிஷம்தான்க்கா."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. "விடு, கொஞ்ச நாள் ஆகும்" என்றார் அத்தான். கட்டு பிரிப்பதைச் சொன்னாரா, அக்காவைச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை.

கட்டு ஏழாவது வாரம் பிரித்தார்கள். இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அத்தானுக்கு மேசை வேலை கொடுத்தார்கள். அவள் தினமும் அவரிடம் பேசுகிறாள். அக்காவும் பேசத்தான் செய்கிறாள், கேட்டதற்கு மட்டும்.