ராஜாவுக்கு வாசலில்தான் வேலை

"பிரசங்கத்துல போதகர் என்னையே பார்த்தாரா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுச்சா?"

தலைவர் இதைக் கேட்டபோது அவர் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவருக்குக் கண்ணாடி மாத்தணும். யாரைப் பார்த்தாலும் எல்லாரையும் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். மகாராஜாவுக்கு என்ன திடீர்னு பயம்?"

"பயமா? எனக்கா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

ஊருக்கு அவர் டைல்ஸ் கடை முதலாளி. இந்த அடுக்குமாடிக்குத் தலைவர். வீட்டில் மட்டும் மகாராஜா. ஒரு காலத்தில் இங்கே தலைவர் என்று யாரும் கிடையாது. மாடிக்கு ஒருவர் பெரியவராக இருந்து சண்டைகளைத் தீர்த்துவைத்தார்கள். தீர்த்ததைவிட வளர்த்ததுதான் அதிகம். எல்லாக் குடியிருப்பிலும் ஒரு தலைவர் இருக்கிறார், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒரே கூச்சல். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் போதகர் மட்டும் அப்போதே சொன்னார்:

"வேண்டாம்ப்பா. ராஜா கேட்ட ஜனங்களுக்கு வேதத்துல என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல? உங்க நிழலான பார்க்கிங் முதல்ல போகும். அப்புறம் உங்க பிள்ளைங்க அவர் வீட்டு சோபாவைத் தூக்கிட்டு மாடி ஏறுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதமே நிழலான பார்க்கிங் தலைவருக்குப் போனது. சோபாவும் பிள்ளைகள் தோளில் மாடி ஏறிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் தீர்ப்பு சொல்வதில் சூரர். மாலையானால் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். மாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா, குப்பையை யார் வைத்தார்கள், எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படிப்பட்டவருக்குத்தான் இன்று காலை பிரசங்கம் கேட்டதிலிருந்து எதிலும் மனசு ஓடவில்லை.

"ராஜான்னா படை நடத்தறவன் மட்டும் இல்ல," என்று ஆரம்பித்திருந்தார் போதகர். "வாசல்ல உட்கார்ந்து ஏழைக்கு நியாயம் செய்யறவன். அந்த நாற்காலி அவனோடது இல்ல, ஆண்டவரோடது. உட்கார்ந்துக்கோன்னு இவனுக்கு இரவல் குடுத்திருக்கு, அவ்வளவுதான்."

அதோடு விட்டிருக்கலாம். ஒரு கதையையும் சொன்னார். ராஜா ஒருவன் ரகசியமாக ஒரு பாவம் செய்துவிட்டு உத்தமன் மாதிரி தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தீர்க்கதரிசி வழக்கோடு வந்தார். பணக்காரனுக்கு மந்தை மந்தையாக ஆடு, ஏழைக்குப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த ஒரே ஒரு குட்டி. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது ஏழையின் குட்டியை அடித்துச் சமைத்துவிட்டான். என்ன தண்டனை? ராஜா கொதித்துப்போய் மரண தண்டனை என்றான். தீர்க்கதரிசி ராஜாவை நோக்கி விரலை நீட்டி, நீதான் அந்த ஆள் என்றார்.

தலைவரிடமும் ஒரு ரகசியம் இருந்தது.

போன வாரம் அவர் காரை ரிவர்ஸ் எடுத்தபோது பின்பக்கம் போய் கேட்டில் மோதியது. இரும்பு கேட் தண்டவாளத்தை விட்டு இறங்கிக் கோணிக்கொண்டது. பார்த்தவர் யாருமில்லை. வாட்ச்மேன் பின்கட்டில் மோட்டார் போடப் போயிருந்தார். போகச் சொன்னதே தலைவர்தான். "தண்ணி லாரிதான் இடிச்சிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். தலைவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கார், நசுங்கிய பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றது.

மறுநாள் விசாரணை. நீதிபதி, வேறு யார்?

"கேட்டை விட்டுட்டு எங்கய்யா போனீங்க?"

"மோட்டார் போடங்க. நீங்கதானே ஐயா அனுப்பினீங்க?"

"நான் அனுப்பினதுக்குச் சாட்சி இருக்கா?"

வாட்ச்மேன் ஒரு கும்பிடு போட்டார். பிறகு தன் மாற்றுச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலையை விட்டே போய்விட்டார்.

இன்று மாலை தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் பல் டாக்டர். தோற்றால் நாற்காலியும் போகும், பார்க்கிங்கும் போகும். சுவரை விட்டுக் காரை எடுத்தால் மானமும் போகும்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில். ஓட்டுப்போடுவதற்கு முன் குறை கேட்பது வழக்கம். தரைத்தளத்துத் தையல்காரம்மா எழுந்தாள். ஒண்டிக்கட்டை, வாய் திறந்தே யாரும் பார்த்ததில்லை.

"ஒரு வீட்டைப் பத்தி ஒரு குறை சார். பேர் சொல்ல வேணாம்னு பார்க்கிறேன்."

தலைவருக்கு முதுகு நிமிர்ந்தது.

"பெரிய வீடு சார். அவங்களுக்கு எல்லாமே நிறைய. எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

"என்ன... ஒண்ணு?"

"மொட்டை மாடில துணி காயப்போடற கொடி சார். அவங்களுக்கு ஆறு கொடி. எனக்கு ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடி கட்டிக் குடுத்தது. அதைப் பெத்த பிள்ளை மாதிரி துடைச்சு வச்சிருக்கேன்."

பெத்த பிள்ளை மாதிரி! தலைவர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். போதகர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. ஜெபமா? சைகையா? (தொண்டைக்கட்டுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.)

"அவங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்க சார்..."

விருந்தாளி! தலைவரின் சட்டைக் காலர் நனைந்தது. இது கொடி இல்லை. ஆட்டுக்குட்டி. போதகர் ஆளை அனுப்பிவிட்டார்.

"அவங்க ஆறு கொடியும் அப்படியே இருக்கு. என் கொடியில ஈரப் போர்வையைப் போட்டு அறுத்துட்டாங்க. நீங்களே சொல்லுங்க சார், அப்படிப்பட்டவங்களை என்ன செய்யலாம்?"

இதோ சுருக்கு. கதையில் அந்த ராஜா இந்த இடத்தில்தான் கொதித்து எழுந்து மாட்டிக்கொண்டான். தலைவர் முட்டாள் இல்லை. விரல் நீளுவதற்குள் தானே விழுந்துவிட்டால்? அடுத்தவன் தள்ளி விழுந்தவனைப் பார்த்துத்தானே ஊர் சிரிக்கும், தானாக விழுந்து கும்பிட்டால் பக்தி என்றல்லவா சொல்லும்!

எழுந்தார். கை கூப்பினார்.

"போதும்மா. அந்த ஆள் நான்தான்."

"தெரியும் சார்," என்றாள் தையல்காரம்மா. "அதான் பேர் சொல்லல."

"எல்லாருக்கும் முன்னாடி ஒத்துக்கறேன். கேட்டை இடிச்சது தண்ணி லாரி இல்ல. என் கார். வாட்ச்மேன் மேல ஒரு தப்பும் இல்ல. மோட்டார் போட அனுப்பினதே நான்தான்."

தையல்காரம்மா குழம்பிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கேட்டா? நான் போர்வையைப் பத்திப் பேசறேன் சார். உங்க வீட்டு நீலப் போர்வை."

பின்வரிசையில் தலைவரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பல் டாக்டர் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா! தொட்டதுமே வேரோட வந்துடுச்சு. மரத்துப்போக ஊசிகூடப் போடல! இவர் இறங்கணும், இப்பவே."

"இருங்க டாக்டர்," என்றார் நாலாம் மாடிப் பெரியவர். "கேட்காமலே ஒத்துக்கிட்டாரே, அந்த மனசு யாருக்கு வரும்?"

"கேட்காமலே உளறிட்டார்னு சொல்லுங்க!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கடைசியில் எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"ராஜா வேணும்னு கேட்டது நீங்க. என்னை எதுக்கு இழுக்கறீங்க? ஆனா அடிபட்டது வாட்ச்மேன். நம்மகிட்ட மன்னிப்பு கேட்டு என்ன பிரயோஜனம்? இவர் அவர்கிட்ட போகட்டும். அவர் சொல்றதுதான் தீர்ப்பு."

சாட்சிக்கு டாக்டரும் கூடவே கிளம்பினார். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பு. வாட்ச்மேன் முக்காலியில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். தலைவர் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை கணக்குப் பார்க்காமல் சொன்னதால் நாக்குக் குழறியது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

"திரும்பி வந்துடுங்க. தப்பு என்னோடதுதான்."

"வேணாங்கய்யா. இங்க தலைவரே கிடையாது. அவங்கவங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யறாங்க. மாடிக்காரர் கேட்டைத் திறங்கறார், கீழ்வீட்டுக்காரர் மூடுங்கறார். நான் பாதி திறந்து வச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். விசாரணைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நிம்மதி."

டாக்டர் கனைத்தார். "அது இருக்கட்டும்ப்பா. இவர் தலைவரா இருக்கலாமா, கூடாதா? உங்க வாயால சொல்லிடுங்க."

வாட்ச்மேன் பிஸ்கட் முழுவதையும் நிதானமாகத் தின்று முடித்தார்.

"இருக்கட்டும்."

"என்னது?"

"இவர் ஒரு தடவை மாட்டிக்கிட்டவர். இனிமே தீர்ப்பு சொல்ல வாயைத் திறந்தா கொஞ்சம் தொண்டை அடைக்கும். அது போதுங்க. நீங்க இன்னும் மாட்டலையே டாக்டர்."

சீட்டியடிக்கக் குவித்த உதட்டை டாக்டர் மடித்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணுங்கய்யா," என்றார் வாட்ச்மேன். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் வாசல்ல நீங்கதான் உட்காரணும். மோட்டாரும் நீங்கதான் போடணும். ரெண்டும் சேர்த்து."

இவ்வளவுதானா! தலைவருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டியும் கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் தலைவர் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கேட் இன்னும் கோணல்தான், தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். டாக்டர் காரில் கிளம்பினார். தலைவர் தள்ளித் திறந்தார், மூடினார். டாக்டர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். திறந்தார், மூடினார். அன்றைக்கென்று டாக்டருக்குப் பொல்லாத ஞாபக மறதி.

அப்போது மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க! குழாயில காத்துதான் வருது. போய் மோட்டாரைப் போடுங்க!"

வெளியே ஹாரன் அலறியது. தலைவர் பின்கட்டைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்.

"ஒரு மனுஷன் எப்படிய்யா ரெண்டு இடத்துல இருக்க முடியும்?" என்று கத்தினார்.

கேட்க அங்கே யாரும் இல்லை. ஹாரன்தான் மறுபடி பதில் சொன்னது.