வழிப் பிடித்தம்

ஆவணி மாதத்திலிருந்து தொழிலாளர் சம்பளத்தில் பணமாக எதையும் பிடிக்கக் கூடாது, அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கரூரில் கொசுவலைக் கம்பெனி வைத்திருந்த சென்னியப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்தக் கணக்கில் அவர் என்றுமே பிசகியதில்லை. இத்தனை வருஷம் பணத்தைப் பிடித்து, எழுதி, கட்டியவருக்கு வழியைப் பிடித்து, எழுதி, கட்டுவதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது? பேரேட்டில் ரூபாய் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு வழி என்று எழுதினார்.

சம்பள நாளன்று ஆட்கள் ஒவ்வொருவராக அவர் அறைக்கு வந்து தங்கள் வழியைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது மேஜைமேல் வந்து விழுந்தது. வலைத்துணி மாதிரியே லேசாக இருந்தது. கொஞ்சம் புழுதி வாசம். விகிதப்படி அளந்து கத்தரித்தார். கத்தரித்ததை மடித்து, பேர் எழுதிய உறையில் போட்டு, பீரோவில் வைத்தார். மீதியை அவரவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார். பிடித்ததை மறுமாதம் ஏழாம் தேதிக்குள் அரசு அலுவலகத்தில் கட்டிவிட வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

தறி மெக்கானிக் ஜெயசீலனின் வீடு கம்பெனிக்கு எதிரிலேயே இருந்தது. அவன் வழி வரம்புக்குக் கீழே. பிடித்தம் கிடையாது. அதில் அவனுக்கு வெட்கம். தனக்கும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். சென்னியப்பன் முடியாது என்றார்.

அதிகப் பிடித்தம் தனபாக்கியத்துக்கு. வலைகளுக்கு ஓரம் தைப்பவள். அமராவதிக்கு அக்கரையில், பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் உள்ளே நடக்க வேண்டிய ஊர். புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன், வந்தால் தீபாவளிக்கு வருவான். நாலாவது படிக்கிற மகள் மிருதுளா பள்ளிக்கூடம் விட்டு வந்து இவளுக்காகக் காத்திருப்பாள்.

முதல் மாதம் தனபாக்கியத்துக்குச் சந்தோஷம்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் உடனே பால் சொசைட்டி வந்துவிடுகிறது, பாதி நடை மிச்சம் என்று எல்லோரிடமும் சொன்னாள். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கம்பெனியில் யாருக்கும் கால் வலி இல்லை.

ஏழாம் தேதி சென்னியப்பன் உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு பிடித்தம் கட்டும் அலுவலகத்துக்குப் போனார். வாசலில் நின்றபோதே கவுன்ட்டர் தெரிந்தது. நடந்தார். தாழ்வாரம் கூடவே நீண்டுகொண்டு வந்தது. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவி வைத்திருந்தார்கள். அவர் கவுன்ட்டரை எட்டியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்த குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"நீங்க யாரு?"

"மொதலாளிங்க."

"அதுக்கு அத்தாட்சி?"

"ஆளுங்க வேலை செய்யறாங்களே."

"அவங்க உங்க ஆளுங்கதான்னு எப்படி நம்பறது?"

"பிடிச்சிருக்கேனுங்களே."

குமாஸ்தா திருப்தியடைந்து முத்திரை குத்தினார். உறைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். தனபாக்கியத்தின் உறையை மட்டும் திருப்பித் தள்ளினார். ரொம்ப நீளம், இன்றைக்கு அளக்க நேரமில்லை, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டரைச் சாத்தினார்.

சென்னியப்பனின் வீடு கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்தது. வழி என்று அவருக்கு ஒன்றும் இல்லை, படிக்கட்டுதான். மனைவி மகனோடு பெங்களூரில் இருந்தாள். போனில் பேசினால் தண்ணீர் வருகிறதா என்று கேட்பாள். வருகிறது என்பார். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றாது.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது உறைக்குள் மடிப்பு கலைந்திருப்பதைப் பார்த்தார். சரியாக மடிக்கலாம் என்று குடோனுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து விரித்தார். அது வலைமூட்டைகளுக்கு நடுவில் ஒரு தெருவாகப் படுத்தது. வெளியே காலை வெயில். தெருவில் அந்தி. பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு செவலை நாய் எழுந்து வந்து அவர் காலை மோந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்தது. ஒரு வாசலில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கு நேரமாயிருச்சாட்டம் இருக்குது?"

"ஆமாங்க. வேலை," என்றார் சென்னியப்பன்.

"போங்க, போங்க. புள்ள பாத்துட்டிருக்கும்."

பால் சொசைட்டி வரைக்கும் நடந்தார். அங்கே கத்தரித்த ஓரம். அதற்கப்புறம் குடோன் சுவர். திரும்பி வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். நேரமாகிவிட்டது என்று அவரிடம் யாராவது சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று அவர் அலுவலகத்துக்குப் போகவில்லை. பேரேட்டில் தனபாக்கியத்தின் பேருக்கு நேரே 'கட்டியாச்சு' என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.

அதற்கப்புறம் தினமும் கம்பெனி விட்டதும் குடோனுக்குப் போனார். மற்ற ஆட்களின் பிடித்தத்தை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினார். தனபாக்கியத்தினுடையது பீரோவிலேயே சேர்ந்தது. ஐப்பசி சம்பளத்தன்று விகிதத்துக்கு மேலாகவே வெட்டிவிட்டார். கத்தரிக்கோல்தான் தள்ளிப் போய்விட்டது என்று முதலில் நினைத்துக்கொண்டார். கார்த்திகையில் அப்படி நினைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டார். இப்போது தெரு பால் சொசைட்டியைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றி, நீலக் கதவு போட்ட ஒரு வீட்டு வாசல் வரைக்கும் போயிற்று. வாசல்வரை நடப்பார். உள்ளே ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவார்.

தனபாக்கியம் தைத்துக்கொண்டே பக்கத்து மிஷின்காரியிடம் சொல்வது அவர் காதிலும் விழும். பஜ்ஜிக் கடை பிடித்தத்தில் போய்விட்டதால் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. கையை வீசிக்கொண்டு போய் நின்றால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தையற்காரக் கோமதியக்காவைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது, வீடு மாறிப் போய்விட்டாளோ என்னவோ. கூடவே வருகிற நாயையும் காணோம். பக்கத்து மிஷின்காரி, செத்திருக்கும் என்றாள். தனபாக்கியம் மிஷினை நிறுத்தினாள். பிறகு மறுபடி மிதித்தாள்.

மார்கழியில் ஒருநாள் சாயங்காலம், போன கொஞ்ச நேரத்திலேயே தனபாக்கியம் திரும்பி வந்து அவர் அறை வாசலில் நின்றாள். டிபன் தூக்கு கையிலேயே இருந்தது.

"வழி பத்தலீங்க," என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏறின இடத்திலேயே நிற்கிறாளாம். மூன்று பஸ் மாறிப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு இங்கேயே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். படுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் தையல் மிஷினுக்கு அடியில் வலைகளை விரித்துப் படுத்தாள். மேலே கட்டிலில் சென்னியப்பனுக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அவள் வேலைக்கு வந்தவர்களிடம் விவரமாகக் கேட்டுவிட்டு அவர் அறைக்கு வந்தாள். அதிகமாகப் பிடித்திருந்தால் அலுவலகம் திருப்பித் தந்துவிடுமாம். அதற்கு, இவ்வளவு பிடித்தேன், இவ்வளவு கட்டினேன் என்று முதலாளி ஒரு சான்று எழுதித் தர வேண்டுமாம்.

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். பீரோ அவருக்குப் பின்னால் இருந்தது. எழுந்து அதைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கொடுத்துவிட்டால் சாயங்காலம் எங்கே போவது என்றும் தோன்றியது. கட்டியாச்சு என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துணைக்கு அவரும் போனார்.

அன்று தாழ்வாரம் நீளவில்லை. உள்ளே நுழைந்த உடனே கவுன்ட்டர் வந்துவிட்டது. அதே குமாஸ்தா. தனபாக்கியத்தின் பேரைத் தேடிப் பார்த்தார்.

"உங்க பேர்ல வழி எதுவும் வரலையே."

"இவரு மாசா மாசம் பிடிச்சிருக்காருங்க."

"பிடிச்சது அவரு. எங்ககிட்ட வந்து சேர்ந்தாத்தான் அது வழி."

தனபாக்கியம் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அவர் பேசினால் சரியாகிவிடும் என்று பார்த்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"கட்டியாச்சு," என்றார்.

குமாஸ்தா தோளைக் குலுக்கிவிட்டு ஒரு தாளை எடுத்தார். வீட்டுக்கு வழி இல்லாதவர்கள் வேலை செய்கிற இடத்திலேயே குடியிருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. தனபாக்கியத்தின் வீடு இனிமேல் கம்பெனி என்று எழுதி முத்திரை குத்தினார்.

"இனி உங்களுக்குப் பிடித்தமே கிடையாதுங்க. வரம்புக்குக் கீழ வந்துட்டீங்க," என்றார். நல்ல சேதி சொல்கிறவரைப் போலச் சிரித்தார்.

கம்பெனிக்கு வந்ததும் சென்னியப்பன் அவளைக் குடோனுக்குக் கூப்பிட்டார். பீரோவிலிருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, துண்டோடு துண்டு சேர்த்து விரித்தார். தெரு எழுந்தது. எண்ணெய் வாசம் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டவில்லை, நான்தான் வைத்திருந்தேன் என்றார். தினமும் இதில் நடந்தேன் என்றும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நின்றார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் காலை வைத்தாள்.

கால் சிமென்ட் தரையில்தான் பட்டது. இன்னொரு அடி வைத்தாள். அதுவும் சிமென்ட். தெரு அவளுக்கு முன்னால் இருந்தது, ஆனால் அவள் காலுக்கடியில் வரவில்லை. செவலை நாய் ஓடி வந்து அவளைச் சுற்றிக்கொண்டு சென்னியப்பனிடம் போய் வாலாட்டியது. தனபாக்கியம் கோமதியக்காவைக் கூப்பிட்டாள். தையல் மிஷினிலிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வேணுமுங்க?" என்று கேட்டாள்.

தனபாக்கியம் வலைமூட்டைமேல் உட்கார்ந்தாள். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் சொந்த வழி இவ்வளவு தேய்ந்து போயிருப்பதை அவள் கவனித்தாள் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. நடுவில் ஒற்றையடியாக அவர் செருப்புத் தடம் பதிந்திருந்தது.

"பள்ளிக்கோடம் விட்டிருக்கும்," என்றாள் கடைசியில். "புள்ள தனியா இருக்கும். நீங்க போங்க."

"நானா?"

"உங்களுக்குத்தானே போகுது. பஜ்ஜி வாங்கிக்கிட்டுப் போங்க. வாழக்காய் பஜ்ஜி. மொளகாய் வேண்டாம், அவளுக்கு ஆகாது."

அவர் நின்றார். அவள் எழுந்து போய்த் தன் மிஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஓரம் தைக்க ஆரம்பித்தாள். மிஷின் சத்தம் கேட்டதும் அவர் நடந்தார்.

பஜ்ஜிக்காரன் கேட்காமலேயே வாழைக்காய் பஜ்ஜி கட்டிக் கொடுத்தான். பால் சொசைட்டி வந்தது. வேப்பமரம் வந்தது. நீலக் கதவுக்கு எதிர்வீட்டு வாசலில் பஸ் பாடி கட்டும் பட்டறை முதலாளி நின்றுகொண்டிருந்தார். கையில் பூச்சரம். அதற்கடுத்த வாசலில் சாயப்பட்டறைக்காரர், காய்கறிப் பையோடு. முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் பார்த்த முகங்கள்தான். மூவரும் கும்பிட்டுக்கொண்டார்கள்.

"பனி ஜாஸ்தியா இருக்குது," என்றார் பட்டறை முதலாளி.

"ஆமாங்க," என்றார் சென்னியப்பன்.

யாரும் யாரையும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் முன்னாலிருந்த கதவைத் தட்டினார்கள். சென்னியப்பனும் தட்டினார். வாய்ப்பாடு நின்றது. கதவு திறந்தது. ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து தொங்க, சிறுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள்.

சென்னியப்பன் குனிந்து, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். "நான் உங்கம்மா இல்ல கண்ணு. உங்கம்மா கம்பெனியில இருக்காங்க."

மிருதுளா பஜ்ஜிப் பொட்டலத்தை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். ஆறிப் போயிருந்தது.

"தெனமும் இதையேதான் சொல்றே," என்றாள். "உள்ள வா. கொசு வருது."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார். அதை வைக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.