நான்கு துளைகள்

கணக்கு டீச்சருக்குக் கால்கள் தளரத் தொடங்கிய வருஷம், அவளுடைய காருக்கு வயது நாற்பத்தொன்பது. அவளைவிட ஐந்து வயது இளையது. வேலையில் சேர்ந்து ஏழு வருஷம் சேமித்து, பழைய வண்டியாக அவளே பேரம் பேசி வாங்கியது. வெளிர்பச்சை நிறம். முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்காரும் ஒரே நீளச் சீட்டு. ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் கியர். பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனாள். மகளுக்கு ஜுரம் என்றால் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவதோடு சரி.

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது தொழில். வொர்க்‌ஷாப்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கறார்’.

நரம்பு டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முதலில் கால் போகும், அப்புறம் கை. எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுவாரமே டீச்சர் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தாள். எதற்கும் “பொறுமை, பொறுமை” என்பதால் அவருக்குப் பொறுமை என்றே பெயர். ஷெட்டில் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தவர், மண்டியிட்டு, தரைத் தகட்டில் சாக்பீஸால் நான்கு வட்டம் போட்டார்.

“இங்க நாலு துளை. அதுல போல்ட் போட்டு ஒரு கம்பி நிக்கும். தள்ளினா பிரேக்கு, இழுத்தா ஆக்ஸிலேட்டர். கியர் குச்சியிலயே கிளட்சுக்கு ஒரு பிடி, பைக்குல இருக்கிற மாதிரி. நீளச் சீட்டை வெட்டிட்டு, வெளிய திரும்புற சீட்டு ஒண்ணு. சக்கர நாற்காலியிலேர்ந்து அப்படியே நகர்ந்து உக்காந்துக்கலாம் டீச்சரம்மா.”

“எத்தனை நாள் ஆகும்?”

“பத்து நாள்.”

சர்வேயர் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுமை கிளம்பிப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“சீட்டை வெட்டினா கார் செத்துது. இந்த மாதிரி கைபடாத வண்டி ஊர்ல வேற இல்லை. பழைய கார் சேர்க்கிறாரே பல் டாக்டர், அவர் மூணு தடவை கேட்டுட்டார். இப்படியே குடுத்தா வர்ற காசுல ரெண்டு வருஷம் நர்ஸ் வெச்சுக்கலாம். ஓட்டை போட்டா பாதிதான்.”

“நீங்க நான் படுத்துக் கிடக்கப்போற நாளுக்குக் கணக்கு போடுறீங்க. நான் உக்காந்திருக்கிற நாளைக் கேக்குறேன்.”

“அவசரப்படாதே. கிணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டு போகப்போகுது? பல் டாக்டர் அடுத்த மாசம் வரேங்கிறார். விலையைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்.”

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். “சரி” என்றாள். வாழ்நாளெல்லாம் அவள் அவரிடம் சண்டை போட்டு ஜெயித்தவள். அன்று ஏன் விட்டுக்கொடுத்தாள் என்று அவர் யோசிக்கவில்லை. தான் சொன்னது நியாயம், அதனால் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தார்.

பல் டாக்டர் அடுத்த மாசம் வரவில்லை. அதற்கடுத்த மாசம் போனில் பேசினார். பின்பக்க பம்பர் பழைய ஒரிஜினல்தானா என்று கேட்டார். இல்லை. சர்வேயர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரிஜினல் பம்பரைத் தேடிப்பிடித்து மாட்டினார். இதையெல்லாம் அவளுக்காகச் செய்கிறோம் என்றுதான் அவர் மனதாரக் கருதினார். கார் போர்வைக்குள் கிடந்தது. டீச்சர் ஜன்னலோரம் பேப்பர் படித்தாள். எட்டு மாசம் போயிற்று.

ஒரு காலை, “சும்மா அதுல கொஞ்ச நேரம் உக்காரணும் போல இருக்குங்க” என்றாள். அவர் தூக்கிக்கொண்டு போய் ஸ்டியரிங் முன் உட்கார வைத்தார். அவள் சாவியைப் போட்டாள். திருப்ப முடியவில்லை. இரண்டு கையாலும் முயன்றாள். விரல்கள் சாவியின் மேல் வழுக்கின.

“துரு பிடிச்சிருக்கு போல” என்றாள்.

அவர் கையை நீட்டித் திருப்பினார். சாவி வெண்ணெய் மாதிரி திரும்பியது.

அவர் அங்கேயே, காரின் கதவைப் பிடித்துக்கொண்டே, பொறுமைக்குப் போன் போட்டார். “துளை போடு. இன்னைக்கே.”

பொறுமை பத்து நாள் வேலையை ஆறே நாளில் முடித்தார். பள்ளிக்கூட விடுமுறை நாளில், காலை வெயிலில், காலியாகக் கிடந்த விளையாட்டு மைதானத்துக்குப் பொறுமையே காரை ஓட்டிவந்தார். டீச்சர் புதுச் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சர்வேயர். பொறுமை வெளியே நின்று, “மெதுவா, டீச்சரம்மா, பொறுமை” என்றார்.

கிளட்சுப் பிடியை அவளால் முழுதாக அழுத்த முடியவில்லை. சர்வேயர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். கார் குலுங்கி நகர்ந்தது. ஸ்டியரிங்கை அவள்தான் பிடித்திருந்தாள். ஒரு கோல் கம்பத்தைத் தாண்டினார்கள். அவள் சின்னப் பெண் மாதிரி சத்தமாகச் சிரித்தாள். பாதி மைதானம் போவதற்குள், கம்பியை இழுத்துப் பிடித்திருந்த இடது கை மடியில் விழுந்துவிட்டது. எஞ்சின் முக்கி முனகி நின்றது.

“போதுங்க” என்றாள்.

“இன்னொரு தடவை பார்க்கலாம்.”

“கை வரலைங்க.”

“அன்னைக்கே போட்டிருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“விடுங்க” என்றாள். மன்னித்தாளா, பேச்சை நிறுத்தினாளா, அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

அதன்பின் அவள் ஐந்து மாசம் இருந்தாள். நர்ஸ் வேண்டியிருக்கவில்லை. சோறூட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவரே செய்தார். கடைசி மூன்று வாரம் பேச்சு இல்லை, கண் மட்டும்.

அவள் போய் ஒரு மாசம் கழித்து, பல் டாக்டர் ஒருவழியாக வந்தார். போர்வையை விலக்கி, கதவைத் திறந்து, குனிந்து பார்த்தார். சர்வேயர் தானே முன்வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நாலு துளை, வெட்டிய சீட்டு, கியரில் பிடி. தொழில் பழக்கம். எதையும் மறைக்கவில்லை.

“பழைய நீளச் சீட்டு இருக்கா?”

“பின்னால கிடக்கு. ரெண்டு துண்டா.”

“ஒட்டிடலாம் சார். துளையெல்லாம் ஒரு விஷயமே இல்லை. என் ஆள் ஒரு வாரத்துல அடைச்சு, பெயிண்ட் அடிச்சிருவான், தேடினாலும் தெரியாது. அதுக்குன்னு கொஞ்சம் குறைச்சுக்குங்க, போதும்.” அவர் சொன்ன குறைப்பு பாதி விலை இல்லை, ஒன்றரை மாச நர்ஸ் சம்பளம்.

முப்பத்திரண்டு வருஷம் நசுங்கின வண்டிகளுக்கு விலை எழுதியவர், அந்த ஷெட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சார், உடம்புக்கு முடியலையா?”

“ஒண்ணுமில்லை. எடுத்துக்குங்க.”

மதியம் கார் போயிற்று. சாயங்காலம் மகள் போனில் வந்தாள்.

“வித்துட்டீங்களாப்பா? என்ன விலைக்குப் போச்சு?”

சொன்னார்.

“நல்ல விலையாச்சேப்பா!”

“ஆமாம்மா” என்றார். “சாப்டியா நீ?”

அவள் என்னவோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனைக் காதில் வைத்தபடி, திறந்து கிடந்த ஷெட் கதவைச் சாத்தப் போனார்.