செபஸ்தியாருக்கு மூன்று அம்புகள்

டிசம்பர் வெள்ளம் எண்ணெயைச் சுமந்துகொண்டு எர்ணாவூருக்குள் புகுந்தபோது, செபஸ்தியார் சிலையை நாலு பேர் அவருடைய சிறு கோயிலான கெபியிலிருந்து தூக்கிப் பக்கத்து மாடியில் ஏற்றிவிட்டார்கள். அம்பு பாய்ந்த புனிதர் அவர்; தூக்குவதற்காக உருவிக் கீழே வைத்த அம்புகளை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், புனிதரின் தோளிலும் விலாவிலும் தொடையிலும் வெறும் துளைகள்தான் இருந்தன.

திருவிழா ஜனவரியில். அன்றைக்கு அந்த மூன்று அம்புகளையும் உருவி எடுத்து, தட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போவது இந்தக் கெபியின் வழக்கம். பெரியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், பிள்ளைகள் முத்தம் கொடுப்பார்கள். அம்பு இல்லையென்றால் திருவிழாவே இல்லை. ஆகவே கெபியின் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொன்ராஜ் அண்ணாச்சி, சாலையோரம் பழைய மரக்கடை வைத்திருக்கும் அனிஷாவைத் தேடி வந்தார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. மூணு குச்சிய உருட்டிக் கூராக்கி, பின்னால ரெண்டு இறகை ஒட்டு. எம் கடைலேர்ந்து வெள்ளி பெயின்ட் அனுப்பிடுதேன்."

அனிஷா சரியென்றாள். துறைமுகத்தில் சரக்கு அடுக்கிக் கழித்துவிடும் பேலட் கட்டைகளை வாங்கி, ஆணி பிடுங்கி, பிரித்து விற்பது அவளும் கணவன் அபினும் செய்யும் தொழில். மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவளிடம் ஒரு குணம் உண்டு. எதையாவது கையில் எடுத்தால் அது எப்படி வேலை செய்கிறதென்று தெரியாமல் கீழே வைக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் மாமியாரின் தையல் மிஷினைக் கழற்றிப் போட்டு, மூன்று நாள் கழித்துப் பூட்டிக் கொடுத்தவள்.

"அண்ணாச்சி, அம்புக்கு இறகு ரெண்டா மூணா?"

"ரெண்டு வை, மூணு வை. செலைக்குள்ள போற அம்பு பறக்கவா போவுது?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பறக்காதது அம்பா, குச்சியா?

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு சட்டத்தை மிஷினில் அறுத்து, இழைத்து, காக்கை இறகு இரண்டை வெள்ளைப் பசையால் ஒட்டினாள். மூங்கில் பிளாச்சில் நைலான் கயிற்றைக் கட்டி வில் ஆக்கினாள். கடைக்குப் பின்னால் மரத்தூள் மூட்டையைச் சாலை வளைந்து போகும் பக்கத்துச் சுவரோரம் நிறுத்தி எய்தாள். அம்பு இரண்டு குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீர் டிரம்மில் பக்கவாட்டில் மோதி விழுந்தது. ஒரு இறகு பசையோடு நழுவிக்கொண்டிருந்தது.

"இன்னாமே பண்ணிகினு கீற?"

நீலா. எண்ணூர் குப்பத்துக்காரி. காலையில் கடை வாசல் நிழலில் மீன் கூடையை இறக்கினால், விற்று முடியும்வரை அங்கேயே இருப்பாள். அனிஷா விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"பின்னால ரெக்கை கீறது சுக்கான் மாதிரிதானே? சுக்கான் ஆடுச்சின்னா படகு எங்க நேரா போவும்? மொதல்ல அத்த கெட்டியா ஒட்டு."

"பசை நிக்க மாட்டேங்குதே நீலாக்கா."

"அந்தப் பசைய தூக்கிப் போடு. கத்தாழை மீனு வவுத்துல காத்துப் பை கீது பாரு, அத்த காய வெச்சுக் காய்ச்சு. வெட்டுறப்ப கைல காஞ்சு போச்சின்னா கழுவி எடுக்கறதுக்குள்ள பேஜாரா பூடும்."

அனிஷாவுக்கு அது பிடித்துப்போனது. பிள்ளைகள் வாய் வைக்கிற பொருள். மீனிலிருந்து வந்த பசையென்றால் பயமில்லை. அப்படியானால் வெள்ளி பெயின்ட்டும் வேண்டாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்தாள்.

நீலா கொண்டுவந்த காற்றுப் பைகளைக் காயவைத்து, ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெல்லக் காய்ச்சினாள். லோடு இறக்கிவிட்டு வந்த அபின் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, வீட்டுக்குள்ள யாரு செத்தா?" என்று கேட்டான். ஆனால் விரலில் தொட்டுப் பிரித்தபோது அந்தப் பசை பாகு போல நூல் இழுத்தது.

மரத்தையும் மாற்றினாள். மிஷினில் அறுத்த சட்டத்தில் மரத்தின் நார்ரேகை நடுவழியில் பக்கவாட்டில் ஓடி வெளியேறிவிடுவதைக் கவனித்திருந்தாள். அறுக்காமல் பிளந்தால்? வெளிநாட்டுப் பைன் கட்டை ஒன்றை நிறுத்தி வைத்து, உளியால் தலையில் தட்டினாள். மரம் தன் ரேகை வழியாகவே விரிசல் விட்டு, நேர்க்குச்சிகளாகக் கழன்று வந்தது. இரும்புத் தகட்டில் விரல் பருமனுக்குத் துளையிட்டு, குச்சியின் நுனியைச் சீவி, துளைக்குள் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். மறுபக்கம் உருண்டையாக வெளியே வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பிசின் வாசனை எழுந்தது. முனையைத் தணலில் வாட்டிக் கெட்டியாக்கினாள்.

காக்கை இறகு போதாது. திருவொற்றியூரில் கோழிக்கடை வைத்திருக்கும் பக்ருதீன் பாய், கிறிஸ்துமஸுக்கு வெட்டிய வான்கோழிகளின் சிறகுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். "எதுக்கும்மா?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டுவிட்டு இன்னொரு பையும் கொடுத்தார்.

மூன்று இறகு ஒட்டி, பருத்தி நூல் சுற்றி, எய்தாள். இம்முறை குட்டிக்கரணம் இல்லை. ஆனால் வால் நடுங்கிக்கொண்டே போனது, பாம்பு நெளிவது போல. மறுபடி ஒட்டினாள். மறுபடி நெளிந்தது.

"இறகு கனமா இருக்கோ?"

"எனக்கு இன்னாமே தெரியும்? கொஞ்சம் வெட்டிப் பாரு."

வெட்டிப் பார்த்தாள். அப்போதும் நெளிந்தது. அன்று முழுக்க வாடிக்கையாளர்களுக்குத் தப்புத் தப்பாகக் கட்டை எடுத்துப் போட்டாள். சாயங்காலம் எல்லா இறகுகளையும் மேசையில் பரப்பி வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. சில இறகுகள் இந்தப் பக்கம் வளைந்திருந்தன, சில அந்தப் பக்கம். இடச்சிறகு, வலச்சிறகு! செருப்பைப் போல. அவள் ஒரே அம்பில் இரண்டையும் கலந்து ஒட்டியிருக்கிறாள்.

"நீலாக்கா! ஒரே கால் செருப்பா மூணு வேணும்!"

நீலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அனிஷா இடச்சிறகில் மூன்றைப் பொறுக்கி ஒட்டினாள். பசை காயும்வரை பொறுக்க முடியாமல் மூன்று முறை தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை எய்தபோது அம்பு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு போய் மரத்தூள் மூட்டையின் நடுவில் இறங்கி நின்றது. அனிஷா ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பிறகு நீலா, "இன்னொரு வாட்டி" என்றாள்.

வண்ணத்துக்குக் காவிக்கல்லை அரைத்து அதே மீன்பசையில் குழைத்தாள். கறுப்புக்கு விளக்குக் கரி. மஞ்சளுக்கு மஞ்சள்தூளையே போட்டாள். அது இரண்டு நாள் வெயிலில் வெளுத்துப் போனதால் மஞ்சளை விட்டுவிட்டாள். சிவப்பு வளையம், கறுப்பு வளையம், இடையில் மரத்தின் சொந்த நிறம். ஈரம் ஏறாதிருக்க, மரப்படகுகளுக்குப் பூசும் குங்கிலியத்தை நீலா தர, எண்ணெயில் உருக்கி மேலே பூசினாள். மூன்று அம்புகளும் தயாராயின.

கடைசியாக ஒருமுறை மூன்றையும் எய்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்பக்கத்தில் பொன்ராஜ் அண்ணாச்சி வந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன காரியம்மா செய்யுத? புனிதருக்குச் செஞ்ச அம்பு! விளையாட்டுச் சாமானா இது?"

"விளையாடல அண்ணாச்சி. சரியா வந்துருக்கான்னு..."

"செலைல சொருகுறதுக்கு என்ன சரி பாக்க வேண்டிக்கிடக்கு?"

அனிஷா வில்லைத் தாழ்த்தினாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று உள்ளே ஒரு பயம். நீலாதான் மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணாத்தே, அவரு மேல பாஞ்சது நெச அம்புதானே? குச்சியக் காமிச்சு பசங்கள முத்தம் குடுக்கச் சொல்லுவியா?"

அண்ணாச்சி சுவரோரம் போனார். மூட்டையில் நின்றிருந்த அம்பைப் பிடுங்கினார். சிவப்பு வளையத்தை விரலால் தடவினார். முகர்ந்து பார்த்தார். இறகை இரண்டு விரலுக்கு நடுவில் நீவினார்.

"இது... நேராவா போவுது?"

அனிஷா வில்லை நீட்டினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் சொன்னபடி நாணில் மாட்டி இழுத்தார். ஆனால் கனமான ஆள். மூங்கில் முனகியது. "அவ்வளவு வேணாம் அண்ணாச்சி" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் விரல் நழுவி, கை மேலே எழும்பி, அம்பு மூட்டைக்கு மேலாக, சுவருக்கு மேலாக, அழகாகச் சுழன்றுகொண்டு சாலைக்குப் போய்விட்டது.

மூவரும் வாசலுக்கு ஓடினார்கள். நல்ல வேளையாக யார் மேலும் படவில்லை. துறைமுகம் போகும் லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. அவற்றில் ஒன்றின் தார்ப்பாயின் உச்சியில் குத்தி நின்ற அம்பின் வான்கோழி இறகு காற்றில் படபடத்தது. மணிக்கணக்கில் நகராமல் நிற்கிற அந்த வரிசை அந்த நேரம் பார்த்து நகர்ந்தது. அண்ணாச்சி, "ஏலே! நிப்பாட்டு! அம்பு! அம்பு!" என்று கத்திக்கொண்டே செருப்பு கழல ஓடினார். டிரைவர், இவர் ஏதோ வழி கேட்கிறார் என்று நினைத்துக் கையை நேராகக் காட்டிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி மூச்சிரைக்கத் திரும்பி வந்து மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் தலை குனிந்தே இருந்தார். அழுகிறாரோ என்று அனிஷா குனிந்து பார்த்தாள். தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன போக்கு போச்சு பாத்தியா!"

மூன்றாவது அம்பை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அண்ணாச்சி தன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, தகட்டுத் துளையில் குச்சியை அவரே அடித்து உருட்டினார். மூன்று குச்சிகள் உடைந்தன, நாலாவது வந்தது. இறகை ஒட்டும்போது, "இது எடதா வலதா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். மீன்பசை நாற்றம் வேட்டியை விட்டுப் போகவில்லை என்று வீட்டில் திட்டு வாங்கினார். எய்து பார்க்காமல் கெபிக்குள் கொண்டுபோக அவரே சம்மதிக்கவில்லை. ஆனால் வில்லை அனிஷாதான் பிடித்தாள்.

திருவிழாவன்று அம்புகள் வீடு வீடாகப் போயின. பிள்ளைகள் முத்தம் கொடுத்தார்கள். ஒரு கைக்குழந்தை இறகைக் கடித்தது, யாரும் பதறவில்லை. நீலா முக்காடு போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் அம்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். அண்ணாச்சி எல்லாரிடமும், "பைன் மரம், வான்கோழி எறகு, கத்தாழை மீன் பசை" என்று விளக்கிக்கொண்டு வந்தார், லாரி சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டு.

அனிஷா அந்த லாரியை விடவில்லை. கட்டை இறக்க வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்கிறாள். மாத்தூர் பக்கம் பஞ்சர் கடையில் ஒரு லாரி மேல் பார்த்தேன் என்றார் ஒருவர். மணலி புதுநகரில் யாரோ அதைக் கொடிக்குச்சியாகக் கட்டியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். இரண்டையும் அவள் நம்பவில்லை. அம்பு திரும்பி வர வேண்டுமென்ற ஆசையும் அவளுக்கு இல்லை. போன வாரம் நல்ல மழை பெய்தது. அதில் நனைந்தும் பசை விடாமல் பிடித்திருக்கிறதா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டும்.